56 நாள் கணக்கு: நெறிக்குப் பரவிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துப் பெறுவது எப்படி

வீட்டுச் சுவரில் குதிரைக் காலண்டர் தொங்கினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள் பெரியவை, எழுத இடம் இருக்கும். கதிர்வீச்சு தொடங்கும் நாளை 1 என்று குறித்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டு போய் 56ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியிருக்கும் பெண்ணுக்குக் கதிர்வீச்சும் கீமோதெரப்பியும் சேர்த்துக் கொடுக்கப்படும்போது, வெளிக்கதிர்வீச்சும் கீமோவும் இறுதியில் கருப்பைக்குள் குழாய் வைத்துக் கொடுக்கும் உட்கதிர்வீச்சும் அந்த வட்டத்தைத் தாண்டாமல் முடிய வேண்டும். எட்டு வாரத்துக்கு மேல் இழுபடும் ஒவ்வொரு நாளுக்கும், இடுப்புக்குழியில் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ அரை முதல் ஒரு சதவீதம்வரை குறைவதாகப் பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்தையும் கதிரின் அளவையும் முடிவு செய்வது மருத்துவரின் வேலை. நாள் தவறாமல் பார்த்துக்கொள்வதில் பாதிக்கு மேல் வீட்டாரின் வேலை. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி. செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்த என் அக்காவுக்கு இந்த நோய் வந்தபோது அவருடன் ஜொகூர் பாருவுக்குப் போய்த் தங்கினேன். அதன் பிறகு பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த சில பெண்களுக்கும் துணையாகப் போயிருக்கிறேன். வார்டில் வேலை செய்தபோது எனக்குத் தெரியாத பல சங்கதிகளை நோயாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நெறி கட்டியிருக்கிறது என்றால் என்ன பொருள்

காலில் முள் குத்திப் புண் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது பால்மரம் வெட்டியவர்கள் எல்லாருக்கும் தெரியும். நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க்கணு. உடலின் ஒரு பகுதியிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு. கருப்பைவாய்க்கும் அப்படிப்பட்ட முடிச்சுகள் உண்டு, ஆனால் அவை இடுப்பெலும்புக்குள் பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டி இருப்பதால் கைக்குத் தட்டுப்படாது. சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகியவற்றில்தான் தெரியும். அங்கிருந்து நோய் மேலே ஏறினால், வயிற்றின் பின்புறம் பெருந்தமனியை ஒட்டியுள்ள கணுக்களை அடையும்.

2018இல் பன்னாட்டு மகப்பேறு, மகளிர் நோயியல் கூட்டமைப்பு நோய்நிலைகளை மாற்றி அமைத்தபோது, கணுவில் நோய் இருந்தால் அதை மூன்றாம் நிலையில் சேர்த்தது. இடுப்புக் கணுக்கள் மட்டும் என்றால் 3சி1, பெருந்தமனிக் கணுக்களும் சேர்ந்தால் 3சி2. அதற்கு முன் கணுக்கள் நிலைக் கணக்கில் வரவில்லை. ஆகவே கருப்பைவாயில் உள்ள கட்டி சிறியதாக இருந்தாலும், கணு ஒன்றில் நோய் தெரிந்தால் கடிதத்தில் மூன்றாம் நிலை என்று எழுதப்படும். 'மூணாவது ஸ்டேஜாம்' என்று கேட்டவுடன் சில வீடுகளில் அழுகை தொடங்கிவிடுகிறது. ஒரு வீட்டில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். இந்த நிலையில் சிகிச்சை குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் கொடுக்கப்படுகிறது. மருத்துவரிடம் கேட்க வேண்டியது, நோய் இடுப்புக் கணுக்களோடு நிற்கிறதா, பெருந்தமனிவரை போயிருக்கிறதா என்பதையே. ஏனெனில் கதிர்வீச்சின் எல்லை அந்தப் பதிலைப் பொறுத்தே மேலே நீட்டப்படுகிறது, எல்லை நீண்டால் குடலின் தொல்லையும் கூடுகிறது.

அடுத்து எல்லாரும் கேட்பது, 'ஏன் கர்ப்பப்பையை எடுத்துவிடக் கூடாது?' என்பது. நியாயமான கேள்வி. வெட்டி எடுத்தால் நோய் போய்விடும் என்று நம் மனம் நம்புகிறது. ஆனால் கணுவில் நோய் இருக்கும்போது அறுவை செய்தாலும் பிறகு கதிர்வீச்சு தேவைப்படும். அப்போது அறுவையின் பாதிப்பும் கதிரின் பாதிப்பும் ஒரே சிறுநீர்ப்பையின் மேலும் ஒரே குடலின் மேலும் விழும், பிழைக்கும் வாய்ப்போ அதனால் கூடுவதில்லை. அதோடு, உட்கதிர்வீச்சுக் கருவியை வைப்பதற்கே கருப்பை தேவைப்படுகிறது. அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

கதிரையும் கீமோவையும் ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கும் விடை சுருக்கமானது. கதிர், புற்றணுவின் மரபிழையை (டி.என்.ஏ.) உடைக்கிறது. அணு அந்த உடைப்பைப் பழுதுபார்க்க முயல்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அந்தப் பழுதுபார்ப்பைத் தடுக்கிறது. எனவே வெளிக்கதிர்வீச்சு நடக்கும் ஐந்து வாரத்தில் கீமோ தனி வைத்தியம் அன்று, கதிருக்குத் துணை. 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம், ஐந்து ஆய்வுகளின் முடிவை வைத்து, இவ்விரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இறப்பு அபாயம் 30 முதல் 50 சதவீதம்வரை குறைகிறது என்று மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்பியது; அதிலிருந்து இதுவே வழக்கமான முறையாக இருக்கிறது.

தொடங்குவதற்கு முன்

சிறுநீரகத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும், ஏனெனில் சிஸ்பிளாட்டின் அதைத்தான் முதலில் தாக்கும். கட்டியோ வீங்கிய கணுவோ சிறுநீர்க் குழாயை அழுத்தி, சிறுநீரகம் வீங்கியிருக்கவும் கூடும். அப்படியானால் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தோ, முதுகுவழியே சிறு குழாய் போட்டோ சிறுநீரை வடியவிட்டு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் இறங்கிய பிறகே சிஸ்பிளாட்டின் கொடுப்பார்கள். இறங்காவிட்டால் கார்போபிளாட்டின் போன்ற வேறு மருந்தைத் தேர்வதுண்டு.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் இடுப்பு வலி என்றால் மளிகைக் கடையிலோ கிளினிக்கிலோ போன்ஸ்தான் வாங்கி விழுங்குவது நம் பெண்களின் பழக்கம். அதுவும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகளும் சிஸ்பிளாட்டினோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. வலிக்குப் பாரசிட்டமால் போதாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள், மார்பின் தந்தாலும் பயப்பட வேண்டாம். ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, வேர்க்கஷாயம், 'இரத்தம் சுத்தமாகும்' என்று யாரோ ஃபேஸ்புக்கில் விற்கும் தூள் ஆகியவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. இந்த எட்டு வாரமாவது அலமாரியைப் பூட்டிவையுங்கள்.

இரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். இரத்தச் சோகையோடு கதிர்வீச்சு பெறுவோருக்குப் பலன் குறைகிறது என்பதால், பல மையங்கள் அதை 10க்கு மேல் வைத்திருக்க இரத்தம் ஏற்றுகின்றன. குருதிப்போக்கு கதிர்வீச்சு தொடங்கி ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முதல் வாரத்துப் பயம் பெரியது.

மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இந்தச் சிகிச்சையால் சூலகங்கள் செயலிழக்கும். பிள்ளை பெறவும் இயலாது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, முடிந்த பிறகு கேட்பவர்கள் அதிகம். முதல் கதிர் விழுவதற்கு முன் கேளுங்கள்.

ஊரும் தூரமும்

நோயை இங்கே குளுவாங் மருத்துவமனையில் கண்டறியலாம், திசு எடுக்கலாம். ஆனால் கதிர்வீச்சு இயந்திரத்துக்கு ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வடக்கே இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனை, புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம், பினாங்கு மருத்துவமனை என்று ஊருக்கேற்ப மாறும். குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாரு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம், வாந்தியோடும் வயிற்றுப்போக்கோடும் தினமும் போய் வரலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தோட்டத்து வேனில் ஏற்றிவிடுகிறோம் என்ற வாக்கை நம்பி ஒரு பெண் முதல் இரண்டு வாரத்தில் மூன்று நாள் இழந்தார். வேன் ஒருநாள் உரம் ஏற்றப் போய்விட்டது, மற்ற நாள்களுக்குக் காரணம் சொல்லக்கூட ஆள் இல்லை. மாசாயிலோ ஸ்கூடாயிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு மாதத்துக்கு அங்கே பாய் விரித்துக்கொள்வது நல்லது. யாரும் இல்லாவிட்டால், மருத்துவமனையின் சமூகநல அதிகாரியை முதல் வருகையிலேயே கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட். உண்மையான செலவு பேருந்து, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாள் சம்பளம். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குறைந்த வருமானக் குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில், அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கான ஊக்கத்தொகையும் பயண உதவியும் உண்டு. ஊழியர் சேமநிதியில் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். வேலைச் சட்டப்படி மருத்துவ விடுப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் 60 நாள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றைக் கொடுக்கும்போது நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்.

ஐந்து வாரம்

முதலில் திட்டமிடும் சி.டி. எடுப்பார்கள். இடுப்பில் ஊசிமுனை அளவு மூன்று பச்சைப் புள்ளிகள் குத்தப்படும். ஒவ்வொரு நாளும் உடலை அதே இடத்தில் படுக்க வைப்பதற்கான அடையாளங்கள் அவை. சிறுநீர்ப்பையைச் சொன்ன அளவுக்கு நிறைத்து வரச் சொல்வார்கள். நிறைந்த பை குடலை மேலே தள்ளிக் கதிரின் பாதையிலிருந்து விலக்குகிறது. எத்தனை மணிக்குச் சிறுநீர் கழிப்பது, பிறகு எத்தனை கோப்பை தண்ணீர் குடிப்பது என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கி, தினமும் அதையே செய்யுங்கள். அக்கா முதல் நாள் கூச்சத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து படுத்தார்; எழுப்பி வெளியே அனுப்பி, ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள்.

பொதுவாக வெளிக்கதிர்வீச்சு 45 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), 25 தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கப்படும். நோய் தெரியும் கணுக்களுக்கு மட்டும் அதே தவணைகளில் அளவைக் கூட்டி, ஏறத்தாழ 55 கிரேக்கு மேல் கொண்டுபோவார்கள். கணுக்களை அறுத்தெடுக்காமல் ஒடுக்கும் வழி இதுவே. ஒரு தவணைக்குச் சில நிமிடங்கள்தான், வலி இல்லை. வீட்டுக்கு வரும் பெண்ணின் உடலில் கதிர் ஏதும் தங்குவதில்லை, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வாரத்தில் ஒரு நாள் கீமோ. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் என்ற கணக்கில் சிஸ்பிளாட்டின், ஐந்து முறை, சில இடங்களில் ஆறு முறை. அதற்கு முன்னும் பின்னும் நரம்புவழி நிறையத் திரவம் ஏற்றுவார்கள் என்பதால் அன்று காலை போனால் மாலையாகிவிடும். முந்தின நாளே இரத்தம் எடுத்து வெள்ளணு, தட்டணு, கிரியாட்டினின், மக்னீசியம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்து அந்த வாரக் கீமோவை ஒத்திவைத்தால், கதிர்வீச்சையும் நிறுத்த வேண்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள். 'கீமோ இல்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதிர்வீச்சுக்கும் போகாமல் திரும்பிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீமோவில் ஒரு வாரம் தவறினால் தாங்கிக்கொள்ளலாம். கதிர் தவறக் கூடாது.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவது பயனற்றது. எழுதித் தந்த நேரத்தில், கீமோவுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும், குமட்டல் இல்லாவிட்டாலும் போட வேண்டும். காதில் இரைச்சல், விரல் நுனிகளில் மரமரப்பு வந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லுங்கள். தலைமுடி? இந்த மருந்தில் பெரும்பாலும் மெலியும், அவ்வளவுதான். அக்கா அதற்காகவே பத்து நாள் முடிவெடுக்காமல் இருந்தார்.

மூன்றாம் வாரத்திலிருந்து வயிறு பேசத் தொடங்கும். வயிற்றுப்போக்குக்குத் தந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, உப்புக் கஞ்சி, இட்லி, மசித்த வாழைப்பழம், வேகவைத்த கேரட் என்று இளகிய உணவுக்கு மாறுங்கள். சம்பால், தேங்காய்ப்பால் குழம்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். ஆனால் பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், கோழி மூன்றையும் நிறுத்திவிடும் மாமியார்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். எடை விழுந்தால் உடல் படுக்கும் வாகு மாறும், திட்டத்தை மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கும் நாள் போகும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் கதிராலும் வரும், கிருமியாலும் வரும், சோதித்தால்தான் தெரியும். தொடையிடுக்கைக் குளிர்ந்த நீரால் கழுவி ஒற்றியெடுங்கள், எண்ணெயும் பவுடரும் வேண்டாம்.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்பது இந்த ஐந்து வாரத்துக்குப் பொருந்தாது. 'கீமோ நடந்துகொண்டிருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தை மலாயில் எழுதி அடையாள அட்டையின் உறைக்குள் வையுங்கள். நோயாளிக்குப் பேச முடியாத நேரத்தில் அது பேசும்.

இப்போது காலண்டருக்குத் திரும்புவோம். திங்கட்கிழமை தொடங்கி ஒரு நாளும் தவறாவிட்டால் 25ஆம் தவணை 33ஆம் நாள் முடியும். உட்கதிர்வீச்சுக்கு 23 நாள் மிச்சம். ஒரு வாரம் தவறினால் 16 நாளே மிச்சம். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய விடுமுறைகளை முன்கூட்டியே குறித்து, அந்தத் தவணைகளை எப்போது ஈடுசெய்வார்கள் என்று கேளுங்கள். சில நேரம் சனிக்கிழமை வரச் சொல்வார்கள். சில நேரம் ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு தவணை கொடுப்பார்கள். ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வாரவிடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. பழைய வெள்ளிக்கிழமைக் கணக்கில் இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

உட்கதிர்வீச்சைத் தவிர்க்கக் கூடாது

வெளிக்கதிர் முடிந்ததும் வயிறு ஆறும், இரத்தப்போக்கு நின்றிருக்கும். 'இனி எதற்கு?' என்று தோன்றும் இடம் இதுதான். கருப்பைக்குள் மெல்லிய குழாயை வைத்து, அதன்வழி கதிரியக்க மூலத்தைச் சில நிமிடங்கள் அனுப்பித் திரும்ப எடுப்பது உட்கதிர்வீச்சு. மொத்த அளவை 80 முதல் 90 கிரேக்கு நிகராகக் கட்டியின் மேல் குவிப்பதற்கு வெளியிலிருந்து வரும் கதிரால் இயலாது, குடலும் சிறுநீர்ப்பையும் தாங்காது. மூன்று அல்லது நான்கு அமர்வுகள். மயக்க மருந்தோ முதுகு ஊசியோ கொடுப்பார்கள். ஆயினும் குழாயோடு அசையாமல் படுத்திருக்கும் மணிநேரங்கள் கடினமானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. வலிமருந்தை முன்பே கேளுங்கள். அமர்வுத் தேதிகளை வெளிக்கதிர் நடக்கும் மூன்றாம் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். 33ஆம் நாள் கேட்டால் இடம் இருக்காது.

புதிய மருந்துகள் பற்றிப் பிள்ளைகள் கைப்பேசியில் படித்துவிட்டு வருவார்கள். இரண்டைக் கேட்கலாம். இன்டர்லேஸ் ஆய்வில், கதிர்வீச்சுக்கு முன் ஆறு வாரம் கார்போபிளாட்டின், பாக்ளிட்டாக்செல் கொடுத்தவர்களில் ஐந்தாண்டுகள் உயிரோடிருந்தோர் 80 சதவீதம், கொடுக்காதவர்களில் 72 சதவீதம்; 2024இல் வெளியானது. அந்த ஆறு வாரம் 56 நாள் கணக்கில் சேராது, ஆனால் அது முடிந்தவுடன் இடைவெளி விடாமல் கதிர் தொடங்க வேண்டும். மற்றொன்று, பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கதிர், கீமோவோடு சேர்ப்பது. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் அனுமதி பெற்றது, விலை மிக அதிகம். எல்லாம் முடிந்த பிறகு 'இன்னும் நாலு கீமோ போட்டால் நல்லதுதானே' என்று கேட்பவர்களுக்கு அவுட்பேக் ஆய்வு பதில் சொல்லிவிட்டது: கூடுதல் கீமோவால் ஆயுள் கூடவில்லை.

56ஆம் நாளுக்குப் பிறகு

மூன்று மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேன் எடுத்து நோய் கரைந்ததா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் புண்ணும் வீக்கமும் நோயைப் போலவே தெரியும், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்று. கதிர்வீச்சால் பெண்ணுறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். புண் ஆறியபின் மருத்துவர் தரும் விரிப்பானை வாரம் இரண்டு மூன்று முறை பயன்படுத்தினால் அது தடைபடும். இது தாம்பத்தியத்துக்கு மட்டுமன்று. பாதை மூடிவிட்டால் அடுத்த பரிசோதனையைச் செய்யவே முடியாது. ஆகவே கணவரை இழந்த பெண்ணுக்கும் தேவைதான். நான் இதை அக்காவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. தமிழ் தெரிந்த இளம் தாதி ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

கால் வீங்கினால் கணுக்களின் வடிகால் தடைபட்டிருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியா என்று அன்றே பார்க்க வேண்டும். மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்து மலத்தில் இரத்தம் வரலாம். அது கதிரின் பின்விளைவாக இருக்கக்கூடும். கதிர் பட்ட குடலில் கவனமின்றித் திசு கிள்ளினால் ஆறாத துளை விழும் அபாயம் உண்டு. எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும், இடுப்பில் கதிர்வீச்சு பெற்றிருப்பதை முதலில் சொல்லுங்கள். கடைசி நாளன்று சிகிச்சைச் சுருக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, மொத்தக் கதிர் அளவும் கீமோ எண்ணிக்கையும் அதில் இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் போட்டுவையுங்கள்.